உங்களுக்கும் கேக்குதா?

அவர் கதவைத் தட்டினால் நான் முதலில் டிவியை நிறுத்துவேன். அடுத்து மிக்ஸியை. மே மாதமாக இருந்தால்கூட மின்விசிறியையும். அவர் கேட்கப்போகிற கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல வேண்டுமானால் வீட்டுக்குள் சத்தம் இருக்கக் கூடாது.

"உங்களுக்கும் கேக்குதா?"

அவ்வளவுதான் கேள்வி. நான் காதைக் கூர்மையாக்கிக்கொண்டு நிற்பேன். பெரும்பாலும் ஏதாவது கேட்கும், அடையாறு அப்படிப்பட்ட இடம்.

"கேக்குதுக்கா. மூணாவது மாடில ட்ரில் போடறாங்க."

"தேங்க்ஸ்."

சில நாள் எதுவுமே கேட்காது. "இல்லக்கா. எனக்கு ஒண்ணும் கேக்கல" என்பேன். அதற்கும் அதே "தேங்க்ஸ்". இரண்டு பதிலுக்கும் ஒரே அளவுப் புன்னகை. கூரியர் கொடுத்துவிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போகிறவர் மாதிரி படியிறங்கிப் போய்விடுவார்.

நாங்கள் இரண்டாவது மாடியில் வாடகைக்கு இருந்தோம். அவர் முதல் மாடியில், வெளிநாட்டில் இருக்கும் தம்பியின் வீட்டில், தனியாக. ஐம்பது தாண்டியவர். எல்லோருக்கும் அக்கா. அவருக்கு ஸ்கிஸோஃப்ரினியா. தமிழில் மனச்சிதைவு என்று எழுதுகிறார்கள். அந்தச் சொல் அவருக்குப் பிடிக்காது.

"எங்க சிதைஞ்சிருக்கேன்? வாரத்துல ஆறு நாள் பஸ்ஸுல நின்னுகிட்டே தி.நகர் போயிட்டு வரேன். உங்க செக்ரட்டரி போவாரா?" என்பார்.

அதை அவர் மறைத்ததே இல்லை. குடிவந்த முதல் நாளே அசோசியேஷன் செயலாளரிடம் போய்ச் சொல்லிவிட்டாராம். இருபது வருடமாக மாத்திரை சாப்பிடுகிறேன், சில நேரம் இல்லாத குரல்கள் கேட்கும், அப்படிக் கேட்டால் என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும், நீங்களும் தெரிந்து வைத்திருப்பது நல்லது என்று. செயலாளர் வங்கியில் இருந்து ஓய்வுபெற்றவர், எதற்கும் தயாராக ஒரு பதில் வைத்திருப்பவர். "அப்படியாம்மா? என் மச்சினனுக்கும் இதே மாதிரிதான், சுகர். வெந்தயத்தை ராத்திரி ஊறவெச்சுக் காலைல வெறும் வயித்துல சாப்பிடு. எல்லாம் மனசுதான் காரணம்" என்றாராம். அக்கா இதைச் சொல்லும்போதெல்லாம் கடைசியில் ஒரு வாக்கியம் சேர்ப்பார். "வெந்தயம் சாப்பிட்டேன். முடி கொட்டறது நின்னுது."

அவர் வேலை பார்த்தது தி.நகரில் ஒரு பெரிய ஜவுளிக் கடையின் டெலிவரி கவுண்டரில். நாம் புடவை எடுத்து, பணம் கட்டி, பில்லை நீட்டிக்கொண்டு கூட்டத்தில் இடிபடுவோமே, அந்த இடம். பில்லில் இருப்பதும் பையில் போகப்போவதும் ஒன்றுதானா என்று ஒவ்வொன்றாக ஒத்துப்பார்த்து, முத்திரை குத்தி, பையை மூடித் தருவார். வாசலில் செக்யூரிட்டி இன்னொரு முறை பார்த்துப் பில்லில் ஓட்டை போடுவார். "நான் பாத்தா பாதி. அவரும் பாத்தாத்தான் முழுசு" என்பது அக்காவின் கொள்கை. தீபாவளிக் கூட்டத்தில் மேலாளரே வந்து "சீக்கிரம், சீக்கிரம்" என்றாலும் பாவாடைத் துணியைக்கூட எண்ணிப் பார்க்காமல் முத்திரை விழாதாம். அவர் காதுக்குள் வந்து விழுவதையும் அப்படித்தான் நடத்தினார். தானே முத்திரை குத்திவிட மாட்டார். வாசலில் இன்னொருவர் வேண்டும். எங்கள் கட்டடத்தில் அந்த வாசல் நான்.

எனக்கு அந்தப் பதவி எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும்.

பாப்பாவுக்கு ஆறு மாதம். நான் குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்தால் குழந்தை அழும். குழாயை மூடினால் அழுகை நிற்கும். மறுபடி திறந்தால் மறுபடி அழும். சோப்பு நுரையோடு ஓடிவந்து பார்த்தால் தொட்டிலில் அது நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருக்கும். ஒரு நாளைக்கு நான்கு முறை. தரமணியில் ஆபீசில் இருந்த கணவருக்குப் போன் செய்தேன். "கூகுள் பண்ணிப் பாரேன்" என்றார். மூன்று நிமிடத்தில் எனக்கு இரண்டு வியாதிகளும் குழந்தைக்கு ஒன்றும் இருப்பதாகத் தெரிந்தது. தலைக்குக் குளிப்பதை விட்டுவிட்டேன்.

படியில் எதிர்ப்பட்ட அக்காவிடம் ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. வேறு யாரிடம் சொன்னாலும் என்ன நினைப்பார்களோ என்று இருந்தது. இவரிடம் சொன்னால் நினைக்க ஒன்றும் மிச்சமில்லை என்று எண்ணியிருப்பேனோ என்னவோ. அப்படி எண்ணியிருந்தால் அது நல்ல எண்ணம் அல்ல.

"எனக்கும் உங்களுக்கு மாதிரி ஆரம்பிச்சிடுச்சாக்கா?" என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். "இது வெறும் அம்மாக் காது. எங்க கட்சில சேர்றதுக்கெல்லாம் மனு குடுக்காதீங்க. சந்தேகமா இருந்தா டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேளுங்க, தப்பில்ல. இப்பக் குளிக்கப் போங்க. நான் தொட்டில் பக்கத்துல உக்காந்திருக்கேன். நிஜமா அழுதா பாத்ரூம் கதவைத் தட்டறேன். தட்டலன்னா அது பாப்பா இல்ல."

மூன்று வாரம், வேலைக்குக் கிளம்பும் முன் பதினைந்து நிமிடம், செய்தித்தாளோடு வந்து உட்கார்ந்தார். தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவே பாப்பா அழுதுகொண்டே இருக்கும். கதவு தட்டப்படாது. மெல்ல மெல்ல எனக்குத் தண்ணீர் தண்ணீராகக் கேட்க ஆரம்பித்தது. ஒரே ஒரு நாள் தட்டினார். அன்றைக்கு நிஜமாகவே அழுதிருந்தது. அந்த ஒரு தட்டலால்தான் மற்ற நாட்களின் தட்டாமையை நம்பினேன்.

அடுத்த மாதம் அவர் வந்து கேட்டார். "எனக்கும் ஒருத்தர் வேணும். உள்ளது உள்ளபடி சொல்லணும். பாவம் பாக்கக் கூடாது. முடியுமா?"

முடியும் என்றேன். படித்தவள் ஆயிற்றே, அன்றைக்கே இணையத்தில் தேடி, "மனச்சிதைவோடு வாழ்பவர்களுக்கு உதவும் வழிகள்" என்று பத்துப் பக்கம் அச்செடுத்தேன். பச்சை மார்க்கரால் கோடு போட்டேன். "மெதுவாகவும் தாழ்ந்த குரலிலும் பேசவும். சிறிய வாக்கியங்களாகப் பேசவும். நெருங்கி நிற்க வேண்டாம்." மறுநாள் அக்கா வந்தபோது மூன்றடி தள்ளி நின்றுகொண்டு, "வாங்க. அக்கா. நல்லாருக்கீங்களா. உக்காருங்க" என்று ஒவ்வொன்றாக இறக்கிவைத்தேன்.

"ஏன், தொண்டை கட்டிருக்கா?" என்றார்.

அந்தத் தாள்களை வாங்கிக்கொண்டு போய் இரண்டு நாளில் பென்சில் குறிப்புகளோடு திருப்பிக் கொடுத்தார். டிக், டிக், பெருக்கல், டிக். தூக்கம் முக்கியம் என்பதற்கு இரண்டு டிக். மாத்திரையைத் தானாக நிறுத்தக் கூடாது என்பதற்கும் இரண்டு. வாயால் முணுமுணுத்துக்கொண்டே வேலை செய்தால் குரல் அடங்கும் என்பதற்கு ஒன்று, பக்கத்தில் "பஸ்ஸில் முடியாது, எல்லாரும் பார்ப்பார்கள்". கடல் அலை ஓசையை ஹெட்போனில் கேட்கவும் என்பதன் அருகே, "நடந்து போனால் கடல்" என்று எழுதியிருந்தார். ஒரே ஒரு வரியின் கீழ் மட்டும் கோட்டை அழுத்திப் போட்டிருந்தார். அது நானும் மார்க்கர் போட்ட வரிதான். "அவர்களிடம் பொய் சொல்லாதீர்கள்."

அவர் வீட்டு ஃப்ரிட்ஜின் கதவில் ஒரு மஞ்சள் தாள் ஒட்டியிருக்கும். அவர் நன்றாக இருக்கும்போது, நன்றாக இல்லாத நாளுக்காக எழுதிவைத்தது. சேர்ந்தாற்போல் இரண்டு ராத்திரி தூக்கம் வரவில்லை என்றால், செய்தி வாசிக்கும் பெண் என்னிடம் மட்டும் பேசுவதாகத் தோன்றினால், யாருக்கும் கேட்காத குரல் எனக்குத் தெளிவாகக் கேட்டால், இன்ன டாக்டருக்குப் போன், கடைக்கு லீவு, தம்பிக்குத் தகவல். அடியில் கட்டத்துக்குள், "அன்றைக்கு எனக்குத் தேவையில்லை என்று தோன்றும். அப்போதும் போன் செய்யவும்." பக்கத்தில் நூலில் கட்டிய பேனாவும் ஒரு நீளமான நோட்டும். குரல் என்ன சொன்னதோ, அதை அப்படியே நேரத்தோடு எழுதிவிடுவார். "எழுதினா அது தாள்ல இருக்கும். தலைக்குள்ள சுத்தாது" என்பார்.

நான் மட்டுமே அவருக்கு வாசல் என்று சொன்னது கொஞ்சம் மிகை. இன்னொருவரும் உண்டு. ஊரூர் குப்பத்திலிருந்து காலையில் மீன் கொண்டுவரும் அம்மா. அவர் எந்தத் தாளையும் படிக்கவில்லை. ஒரு நாள் நான் படியில் நின்று கேட்டதை எழுதுகிறேன்.

"இப்ப யாரோ பேசறாங்களே, உங்களுக்குக் கேக்குதா?" என்றார் அக்கா.

மீன்கார அம்மா கூடையை இறக்காமலே காது கொடுத்தார். "எனுக்கு ஒண்ணியும் கேக்கலக்கா. உனுக்கு இன்னா சொல்லுது?"

"நீ எதுக்கும் லாயக்கில்லன்னு சொல்லுது."

"அத்தயேதான் எங்கூட்டுக்காரன் தெனிக்கும் சொல்லிகினு கீறான். நான் வந்து மீன் விக்கல? அது பாட்டுக்கு சொல்லிகினு கெடக்கட்டும், நீ இந்த சங்கராவப் பாரு, கண்ணு எப்டி கீது பாத்தியா."

அக்கா சங்கரா வாங்கிக்கொண்டார். என் பத்துப் பக்கத்தில் இது இல்லை.

எல்லாம் ஒரு போர்வையில் தொடங்கியது. எங்கள் கட்டடத்துப் பன்னிரண்டு வீடுகளுக்கும் ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. அதில் ஒரு காலையில் செயலாளர் ஒரு செய்தியை அனுப்பினார். போர்வை விற்பவர்கள் வேடத்தில் பிள்ளை பிடிக்கிற கும்பல் அடையாறுக்குள் நுழைந்துவிட்டது, எண்பது பேர், கையில் மயக்க மருந்து. கூடவே மங்கலான ஒரு படம். நான் அதை இரண்டு நிமிடத்துக்குள் நான்கு குழுக்களுக்கு அனுப்பினேன். பிறகு, படித்தேன்.

கேட்டை இழுத்துப் பூட்டினோம். போர்வைக்காரர் ஒருவரும் வரவில்லை. அதுவே அவர்களுடைய தந்திரம் என்று மூன்றாவது மாடியில் சொன்னார்கள். மீன்கார அம்மாவையும் உள்ளே விடவில்லை. "பதினஞ்சு வருசமா வந்துகினு கீறேன், என்னப் பாத்தா புள்ள புடிக்கறவ மேரியா கீது?" என்று கேட்டுக்கு வெளியே அவர் கத்தியது எனக்குக் கேட்டது. நான் இறங்கிப் போயிருக்கலாம். பாப்பாவை யாரிடம் விட்டுவிட்டுப் போவது?

அக்கா குழுவில் ஒரே ஒரு கேள்வி போட்டார். "இதை நேரில் பார்த்தது யார்? இரண்டாவதாகப் பார்த்தது யார்?"

பதிலாகச் செயலாளர் கைகூப்பும் படம் ஒன்றைப் போட்டார். நான்காம் நாள் வேலை முடிந்து வரும் வழியில் அக்கா காவல் நிலையத்துக்கே போய்க் கேட்டுவிட்டு வந்து எழுதினார். "அப்படி எந்தக் கும்பலும் இல்லை. படம் வேறு ஏதோ ஊரில் எடுத்தது. கேட்டைத் திறக்கலாம்." திறந்தோம். இல்லாத ஒரு கும்பலுக்குப் பயந்து பன்னிரண்டு வீட்டாரும் நான்கு நாள் நடுங்கினோம். அதில் மாத்திரை சாப்பிடுகிறவர் அவர் ஒருவர்தான்.

இதைச் செயலாளரால் தாங்க முடியவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாலை அவசரக் கூட்டம் என்றார். பொருள், குழந்தைகள் பாதுகாப்பு. கட்டடத்தில் கைக்குழந்தை என்னிடம்தான் இருந்தது என்பதால் தாய்மார்கள் அனைவரின் சார்பிலும் நான். "உன் கையெழுத்து முத்து முத்தா இருக்கும்மா, மினிட்ஸும் நீயே எழுதிடு" என்றார். பெரியவர் சொல்கிறாரே என்று கணவரிடம் பாப்பாவைக் கொடுத்துவிட்டு, பேனாவோடு இறங்கினேன்.

கூட்டம் எப்போதும்போல் கார் நிறுத்துமிடத்தில். எட்டுப் பேர், எட்டுப் பிளாஸ்டிக் நாற்காலிகள். அக்காவை அழைக்கவில்லை, ஏனென்றால் பேச்சே அவரைப் பற்றித்தான். அவர் வீட்டுச் சமையலறை ஜன்னல் எங்கள் தலைக்கு நேர் மேலே, தகரக் கூரையைத் தாண்டி இருந்தது; அங்கிருந்து ஆள் தெரியாது, பேச்சு மட்டும் கேட்கும். அதை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. "மெதுவாப் பேசுவோம்" என்றார் செயலாளர். அவருக்குக் காது சற்று மந்தம். அவருடைய மெதுவான குரல் எதிர்க்கடைக்குக் கேட்கும்.

"நம்ம பில்டிங் பேரைச் சொல்லிப் போலீஸ் ஸ்டேஷன் படியேறிருக்கா. இன்னிக்குப் போலீஸ், நாளைக்கு?"

"அந்தப் பொம்பள தனியா இருக்கறதே சரியில்ல. கத்தி கித்தி எல்லாம் வீட்ல இருக்கும்ல?" என்றார் தரைத்தளத்து அம்மா. அவர் மடியில் தட்டும் பீன்ஸும் கத்தியும் இருந்தன.

"ராத்திரில தனியாப் பேசறாங்க. நானே கேட்டேன்." இதைச் சொன்னவர் ஹெட்போனில் ஆபீஸ் மீட்டிங் பேசிக்கொண்டே மொட்டைமாடியில் நடப்பவர்.

"எல்லாம் அவங்க நல்லதுக்குத்தான் சொல்றோம்."

ஒவ்வொரு பேச்சுக்குப் பிறகும் யாராவது இந்த வாக்கியத்தைச் சொன்னார்கள். என்னையும் ஏதோ கேட்டார்கள். நானும் ஏதோ சொன்னேன். கடைசியில் முடிவானது இது. வெளிநாட்டில் இருக்கும் தம்பிக்கு மெயில் அனுப்புவது, அக்காவை "நல்ல ஒரு ஹோமில்" சேர்க்கச் சொல்வது. மெயிலையும் நானே தட்டச்சு செய்ய வேண்டும். விஷயம் வெளியே போகக் கூடாது, அந்தம்மா மனசு புண்படும் என்று செயலாளர் எல்லோரிடமும் கேட்டுக்கொண்டார். முறுக்கு கொடுத்தார்கள்.

நான் மேலே வந்து பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. கதவு தட்டப்பட்டது. டிவியை நிறுத்தினேன், மின்விசிறியை நிறுத்தினேன்.

அக்காவின் முகம் வெளுத்திருந்தது. "இப்பக் கீழ யாராவது என்னப் பத்திப் பேசினாங்களா? உங்களுக்குக் கேட்டுச்சா?"

மினிட்ஸ் புத்தகம் என் சாப்பாட்டு மேஜை மேல், பருப்பு டப்பாவுக்குப் பக்கத்தில் இருந்தது.

"இல்லையேக்கா" என்றேன். "கீழ யாருமே இல்ல."

"யாருமே?"

"யாருமே இல்லக்கா."

"தேங்க்ஸ்" என்றார். அதே அளவுப் புன்னகைக்கு முயன்றார்.

அவர் மனது புண்படக் கூடாது என்றுதான் சொன்னேன். அப்படித்தான் அன்றைக்கு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மாட்டிக்கொள்ளப் பயந்தேன் என்பதுதான் சரியாக இருக்கும்.

அக்கா மஞ்சள் தாளில் இருந்தபடியே எல்லாவற்றையும் செய்தார். மறுநாளே டாக்டரிடம் போனார். எட்டுக் குரல்கள், ஆணும் பெண்ணுமாக, என்னைப் பற்றித் தங்களுக்குள் பேசிக்கொண்டன, கீழே யாருமே இல்லை என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன் என்று சொல்லியிருக்கிறார். இதைவிடத் தெளிவாக ஒரு நோயாளி சொல்ல முடியாது. டாக்டர் மாத்திரையின் அளவைக் கூட்டினார். அவர் மேல் என்ன தப்பு?

அதன்பிறகு நான் பார்த்த அக்கா வேறு. கண் பாதி மூடியிருக்கும். கை நடுங்கியதால் முத்திரை பில்லில் விழாமல் மேஜையில் விழுந்ததாம். கொஞ்ச நாள் வீட்டில் இருங்கள் என்று கடையில் சொல்லிவிட்டார்கள். காஸ்காரர் மணியடித்தால் திறக்க மாட்டார், மணி நிஜமா என்று தெரியாதே. பால் பாக்கெட் வாசலிலேயே வெயிலில் கிடக்கும். என்னிடம் வந்து கேட்பதும் குறைந்தது. கேட்டு என்ன ஆகப்போகிறது, இனி எல்லாமே குரல்தான் என்று முடிவு செய்துவிட்டவர் மாதிரி இருந்தார்.

"இன்னாம்மா ஆச்சு எங்கக்காவுக்கு?" என்று மீன்கார அம்மா என்னைப் பிடித்துக்கொண்டார். "மீனு வாங்கிக்கன்னா, நீ நெஜமா வந்துகீறியான்னு என்னயே கேக்குது. நெஞ்சு பதறுது."

"தெரியலையே" என்றேன். பொய் சொல்வது இரண்டாவது தடவை சுலபமாகத்தான் இருந்தது.

மெயிலை மட்டும் அனுப்பவில்லை. பாப்பாவுக்குச் சளி, நெட் இல்லை, லேப்டாப் சரியில்லை என்று செயலாளரிடம் தள்ளிப்போட்டேன். அதை என் தைரியம் என்று நினைத்துக்கொண்டேன்.

பாப்பாவுக்கு அப்போது இரண்டு வயது ஆகப்போகிறது. ஒரு நாள் காலை துணி உலர்த்த மொட்டைமாடிக்குப் போனேன். வீட்டுக் கதவைத் திறந்தே வைத்திருந்தேன், பாப்பா பொம்மைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தது. ஐந்தே நிமிடம். ஏழாகவும் இருக்கலாம். மேலே நிற்கும்போதே அழுகைக் குரல் கேட்டது. அம்மாக் காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு இன்னும் இரண்டு துணிக்குக் கிளிப் போட்டேன். பிறகு இறங்கி ஓடிவந்தால், பாப்பா குளியலறைக்குள் போய்க் கீழ்த் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டுவிட்டது. உள்ளே வாளி நிறையத் தண்ணீர். கதவை இடித்துத் தாழ்ப்பாளைப் பெயர்த்தேன். பாப்பா மூலையில் நின்று, குரலே இல்லாமல் அழுதுகொண்டிருந்தது. ஒன்றும் ஆகவில்லை.

குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தபோது படித் திருப்பத்தில் அக்கா நின்றுகொண்டிருந்தார். இரண்டு காதிலும் விரல். ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் விரலை எடுத்தார்.

"பாப்பா அழுதுச்சா?" என்றார். "நிஜமாவே அழுதுச்சா? எனக்கு ரொம்ப நேரமா கேட்டுச்சு. எனக்கு மட்டும் கேக்கறதுன்னு நெனச்சுட்டேன். மன்னிச்சுக்குங்க."

அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார்.

மினிட்ஸ் புத்தகத்தை எடுத்துக்கொண்டு, பாப்பா இடுப்பில் இருக்க, அவர் வீட்டுக்குப் போனேன். மேஜை மேல் விரித்து வைத்தேன். "அன்னிக்குக் கீழ பேசினாங்கக்கா. எட்டுப் பேர். நானும் இருந்தேன். உங்களுக்குக் கேட்டது நிஜம்."

அடிப்பார் என்றுகூட நினைத்தேன். அவர் எழுந்து போய் ஃப்ரிட்ஜ் பக்கத்தில் தொங்கிய நோட்டை எடுத்துவந்து மினிட்ஸ் புத்தகத்துக்குப் பக்கத்தில் வைத்தார். அந்த ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தைத் திருப்பினார். நடுங்குகிற கையில் பென்சில். டெலிவரி கவுண்டரில் பில்லையும் பையையும் ஒத்துப்பார்ப்பது போல ஒவ்வொரு வரியாக.

"போலீஸ் ஸ்டேஷன் படியேறிருக்கா. இருக்கு." டிக். "கத்தி. இருக்கு." டிக். "ராத்திரி தனியாப் பேசறாங்க. இருக்கு. நல்ல ஹோம். இருக்கு." டிக், டிக்.

பாதியில் பென்சிலைக் கீழே வைத்துவிட்டார். "அப்படின்னா நிஜமாவே பேசினீங்களா? எல்லாரும் உக்காந்து? நிஜமாவே?"

"ஆமாக்கா."

"அப்பாடா" என்றார்.

அப்படி ஒரு பெருமூச்சை நான் யாரிடமும் கேட்டதில்லை. "திரும்ப வந்துடுச்சுன்னு நெனச்சேன்ங்க. இருபத்திரண்டு வருஷம் போராடினது எல்லாம் போச்சுன்னு நெனச்சேன். வெறும் நீங்கதானா?"

வெறும் நாங்கள்தான்.

பிறகு பென்சிலை மறுபடி எடுத்தார். நோட்டில் கடைசி வரியில் விரலை வைத்தார். "இது என்கிட்ட இருக்கு, உங்க புக்ல இல்ல. பொம்பளைக் குரல்னு எழுதிருக்கேன். 'எனக்கும் பயமாத்தான் இருக்கு, கைக்குழந்தை வெச்சிருக்கேன்.' இது யாரு சொன்னது?"

பாப்பா மேஜை விரிப்பை இழுத்தது. கையை விலக்கினேன். மறுபடி இழுத்தது.

"நான்தான்க்கா. என்னை எழுதிக்கல."

அவர் டிக் போட்டார். "கோபம் வருது" என்றார் நிதானமாக. "அதை அப்பறமாப் படறேன். மொதல்ல டாக்டருக்கு போன் பண்ணணும்."

டாக்டர் இரண்டு நோட்டுகளையும் கொண்டுவரச் சொன்னாராம். மாத்திரையைப் படிப்படியாகப் பழைய அளவுக்குக் கொண்டுவந்தார். கை நடுக்கம் நின்றது, கடைக்குப் போனார். கோபத்தை அவர் சொன்னபடியே பட்டார். ஒரு மாதத்துக்கு மேல் என் கதவு தட்டப்படவில்லை. மாடியில் மிக்ஸி ஓடினாலும், தெருவில் பட்டாசு வெடித்தாலும், காலை வரை பொறுத்து மீன்கார அம்மாவிடம்தான் கேட்டார். நான் டிவியின் ஒலியை எப்போதும் குறைத்தே வைத்திருந்தேன்.

அடுத்த கூட்டம் வந்தது. அக்கா அழைக்காமலே இறங்கி வந்து, ஒன்பதாவது நாற்காலியைத் தானே போட்டுக்கொண்டார். மடியில் நோட்டு.

"தம்பிக்கு மெயில் அனுப்பப் போறீங்கன்னு தெரியும். அனுப்புங்க" என்றார். "ஆனா யார் யார் என்ன சொன்னாங்கன்னு பேரோட முழுசா அனுப்புங்க. நான் இங்கேயே படிச்சுக் காட்டறேன்."

படித்தார். போலீஸ் படி. கத்தி. ஹோம். முறுக்கு வந்த நேரம் உட்பட.

"என்னம்மா இது!" என்றார் செயலாளர். "இப்படியெல்லாம் யார் பேசினா? நான் இப்படிப் பேசவே இல்லையே."

"நானும் சொல்லல" என்றார் தரைத்தளத்து அம்மா. "கத்தியா? நானா?"

"யாருமே பேசலம்மா. உனக்கு அப்படி…" செயலாளர் இரக்கத்தோடு தலையைச் சாய்த்தார். "உனக்கு அப்படிக் கேட்டிருக்கும்."

மற்றவர்களும் இரக்கத்தோடு தலையைச் சாய்த்தார்கள். அக்கா நோட்டை மூடினார். அவர் விரல் அட்டையின் ஓரத்தை நெருடிக்கொண்டிருந்தது. பிறகு நாற்காலியோடு என் பக்கம் திரும்பினார்.

"உங்களுக்கும் கேட்டுச்சா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வீட்டுச் சொந்தக்காரர் செயலாளருக்கு நெருங்கியவர். வாடகை ஒப்பந்தம் அடுத்த மாதம் முடிகிறது. பாப்பாவுக்குப் பக்கத்துத் தெருவில் பள்ளி சொல்லிவைத்திருந்தோம். இதெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது.

"கேட்டுச்சுக்கா" என்றேன். "எல்லாமே கேட்டுச்சு. கடைசில நான் பேசினதும்."

மெயில் போகவில்லை. நாங்கள்தான் போனோம், ஒப்பந்தம் முடிந்த கையோடு, நந்தனம் பக்கம். ஆனால் அன்றைக்குக் கார் நிறுத்துமிடத்தில் அக்கா என்னைப் பார்த்து, மூன்றாவது மாடி ட்ரில்லுக்குக் கொடுக்கிற அதே அளவுப் புன்னகையைக் கொடுத்தார். ஒரு நூல்கூடக் கூடுதல் இல்லை.

"தேங்க்ஸ்" என்றார்.